தாடை வரைதான் தண்ணீர்

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். மின்சாரம் வருவதும் போவதுமாக. ஆமையை ஊற வைக்கத் தொட்டியைத் தேடினால் காணோம். நீலத் தொட்டி. 'ஆமைக்கு மட்டும்' என்று அடியில் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன். குழாயடியில் இருந்தது. உள்ளே எஸ்தரின் சேலை, சோப்பு நுரையில். கேட்டதற்குப் பதில்:

"அடியில எழுதினா யாருக்குத் தெரியும்? தொட்டிய கவுத்துப் பாத்துட்டா துணி நனைப்பாங்க?"

கல்யாணமான நாள் முதல் இப்படித்தான் பேச்சு.

திரும்பத் திரும்பக் கழுவினேன், சோப்பு வாசம் போகும்வரை. இளஞ்சூட்டில் வெந்நீர், முழங்கையை வைத்துப் பார்த்து. தாடை வரைதான் தண்ணீர். ஆமை தலையைத் தூக்காமலே மூக்கு வெளியே நிற்க வேண்டும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே இல்லை. குடித்தது. குடித்த கையோடு தொட்டியிலேயே கழிந்தது. இதற்குத்தான் ஊறும் தொட்டி வேறு, குடிக்கும் தட்டு வேறு. இதை யாரிடம் சொல்ல.

மகள் ஷீபா பெங்களூரில் நர்சாக இருந்தபோது பதிவுச் சீட்டோடு வாங்கியது. வெளிநாட்டுத் தரை ஆமை. சோற்றுத் தட்டு அளவு. இப்போது அவள் குவைத்தில், ஆமை என் தலையில். என்னைக் கேட்டா வாங்கினாள்? குட்டன் என்று பேர் வேறு. நான் ஆமை என்றுதான் சொல்கிறேன்.

வாங்க: குண்டு பல்பு, கூட்டுக்கு. இருமல் மருந்து. எஸ்தருக்கு வேறு தொட்டி.

அக். 15, புதன்

மழை இல்லை. புழுக்கம். தாஸ் வந்தான், எஸ்தரின் தம்பி. கொத்தனார். கிணற்று உறை, தண்ணீர்த் தொட்டி கட்டுகிறவன். தண்ணீர் என்று எதைச் சொன்னாலும் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு. தண்ணீருக்கு அவன் வாயில் 'வெள்ளம்'. கூட்டுக்குள் இருந்த பிளாஸ்டிக் தட்டைப் பார்த்துச் சிரிப்பு.

"அத்தான், இது என்ன, அப்பளம் நனைக்கவா வெச்சிருக்கீங்க?"

நான் தட்டில் கிடந்த தூசியை எடுத்துப் போட்டேன்.

"ஆமைக்கு இத்திரிப்போல வெள்ளமாக்கும் குடுக்கியது! பாவம் சீவன். யக்கா, அந்த அண்டாவ எடு."

எடுத்துக் கொடுத்தாள்! விளிம்பு வரை நிரப்பினான். ஆமையைத் தூக்கப் போன கையைத் தட்டிவிட்டு அண்டாவைக் கவிழ்த்தேன். முற்றம் முழுக்கத் தண்ணீர். அவன் செருப்பு மிதந்தது.

"கிறுக்கா பிடிச்சிருக்கு அத்தானுக்கு?"

"வெளிய போலேய்."

காரணம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? மோட்டார் வைண்டிங் கடை போட்டபோது எவன் எனக்குச் சொல்லித் தந்தான்? எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பிரித்து நானே படித்தேன். ஆமையும் அப்படித்தான். கண் எரிய எரிய போனில் பார்த்துப் படித்தது. வேண்டியவன் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சிரிக்கிறவனுக்கு நான் ஏன் பாடம் எடுக்க?

பக்கத்து வீட்டுக்காரி மதில் மேலிருந்து: "வீட்டுக்குள்ள ஆமைய வெச்சா வெளங்குமா?" அவள் வீட்டில் ஆமை இல்லை. அங்கே என்ன விளங்கிற்று?

பல்பு வாங்க மறந்தேன்.

அக். 16, வியாழன்

எழுத்து கோணல். கூட்டோரம் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன்.

பல்பு வாங்கக் குழித்துறை போனேன். சந்தைக் கூட்டம், பஸ் தாமதம். திரும்பினால் கூடு திறந்து கிடக்கிறது. எஸ்தரும் தாஸும் கிணற்றடியில், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு.

"ஆமை எங்க?"

"கெணத்துல விட்டாச்சு அத்தான். இனி வெள்ளமும் சுத்தம், அதுக்கும் சொகம். எங்க அம்மைக்க வீட்டுக் கெணத்துல எத்தற வருசம் கெடந்தது ஒண்ணு!"

இந்தப் பக்கம் பல கிணறுகளில் ஆமை உண்டு. பாசியும் புழுவும் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் என்று குளத்தில் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். அது குளத்தாமை. இது தரை ஆமை. வாழ்நாளில் நீந்தியதில்லை.

"எப்ப விட்ட?"

"இப்பதான். முங்கி வெளையாடுது."

எட்டிப் பார்த்தேன். குமிழிகள் மட்டும்.

"அது நீந்தாதுலேய்! கல்லு மாதிரி தாழும்!"

தாஸின் முகம் செத்துப்போயிற்று. கயிற்றைப் பிடித்துச் சட்டையோடு இறங்கினான். முங்கினான், வெறுங்கையோடு வந்தான், மறுபடி முங்கினான். கொண்டுவந்தான். இறங்கியது அவன்தான், அதையும் எழுதி வைக்கிறேன். விட்டதும் அவன்தான்.

தலைகீழாகப் பிடித்துக் கழுத்தை மெல்ல நீட்டினேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வடிந்தது. முன்கால்களை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, உள்ளே தள்ளி. நெடுநேரம். ஒரு கால் தானாக இழுத்துக்கொண்டது.

ஆட்டோவில் மிருக ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்: "ஆமை அதிகம் பாத்ததில்ல, இருங்க." வேறு டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு ஊசி போட்டார். "நுரையீரல்ல தண்ணி போயிருக்கு. சூடா வைங்க. நான் சொல்ற வரைக்கும் ஊற வைக்க வேண்டாம். தானா தண்ணி குடிக்குதான்னு மட்டும் பாருங்க. குடிச்சா தேறிடும்." நல்ல மனுஷி.

கிணற்றடியில் நான் 'குட்டா, குட்டா' என்று கத்தினேனாம். எஸ்தர் சொல்கிறாள். நம்பவில்லை.

அக். 17, வெள்ளி

மழை. ஆமை பல்புக்குக் கீழே, கண் மூடியபடி. மூக்கில் குமிழி. இன்னொரு ஊசி. தட்டின் பக்கமே போகவில்லை. தட்டை அதன் முன்னால் நகர்த்தினேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. தண்ணீரைக் கண்டு பயம். நல்ல காரியம் செய்தார்கள் அக்காளும் தம்பியும்.

எஸ்தரோடு பேச்சில்லை. மதியம் அவளே ஆரம்பித்தாள்.

"நீந்தாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் விடச் சொல்லுவேனா?"

"நீ கேட்டியா?"

"கேட்டா சொல்லுவீங்களா? அண்டாவ தட்டிவிடத் தெரியுது. வாயத் தொறக்கத் தெரியல்ல."

"கேக்காம கெணத்துல போடுவியா?"

"சொகமா கெடக்கட்டும்னாக்கும் போட்டது. கொல்லவா போட்டேன்?" அழுதாள்.

சாப்பிடவில்லை. மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன் கறி. வாசனை முன்னறை வரை வந்தது. சாப்பிடவில்லை.

தப்பு அவர்களுடையது. இதில் மாற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷீபா வீடியோவில் கூப்பிடுவாள். 'குட்டனக் காட்டுங்கப்பா' என்பாள். எதைக் காட்ட?

அக். 18, சனி

மேகமூட்டம். ஆமை அப்படியே. குடிக்கவில்லை.

தாஸ் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். கையில் பூச்சட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு. அக்காளிடம் பேசினான், எனக்குக் கேட்கும்படி.

"சொரசொரப்பா இருக்கும், காலு வழுக்காது. விளிம்ப ராவிக் கொறச்சிருக்கேன். சிமெண்டுல வார்க்கலாம்னுதான் நெனச்சது. பச்ச சிமெண்டுல சுண்ணாம்பு வெள்ளத்துல எறங்கும். சீவனுக்கு ஆவாது."

சிமெண்ட் விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் இல்லை.

எஸ்தர் கூப்பிட்டதும் கூட்டருகே வந்தான். மண்ணைக் கரண்டியால் தோண்டி, தட்டைத் தரைமட்டத்துக்குப் பதித்தான். ஆமை ஏற வேண்டாம், ஏறிக் கவிழவும் வேண்டாம். அதோடு விட்டானா? ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா, தட்டு சாய்கிறதா என்று பார்த்தான்! ஆமைத் தட்டுக்கு ரசமட்டம்! கிறுக்கு யாருக்கு?

எஸ்தர் தண்ணீர் ஊற்றினாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"போருமா?"

"இன்னும் கொஞ்சம். தாட வரைக்கும்."

நேற்றுச் சண்டைக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. தண்ணீருக்காகப் பேசியது. அவளோடு அல்ல.

"சாயா குடிச்சுட்டுப் போடா," என்றாள் தம்பியிடம். அவன் என்னைப் பார்த்தான். நான் முற்றத்துச் செம்பருத்திச் செடியைப் பார்த்தேன். போய்விட்டான். ரசமட்டத்தை மறந்து வைத்துவிட்டான்.

அக். 19, ஞாயிறு

நல்ல வெயில். தெருவில் பட்டாசு. எஸ்தர் ஆராதனைக்குத் தனியாகப் போனாள். நான் போகவில்லை. ஸ்டூலைக் கூட்டோரம் போட்டு உட்கார்ந்தேன்.

மூக்கில் குமிழி இல்லை. கண் திறந்திருந்தது. எழுந்து நடந்தது. தட்டு வரை வந்தது. நின்றது. பின்வாங்கியது. சனியனே, குடி. மறுபடி வந்தது. முன்கால் ஒன்று தட்டுக்குள். அடுத்தது. வழுக்கவில்லை. கழுத்தை நீட்டித் தாடையைத் தண்ணீரில் வைத்தது. தொண்டை ஏறி இறங்கியது. குடித்துக்கொண்டே இருந்தது. ஷீபா கூப்பிட்டால் காட்டலாம். நான் இருமலை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

தாஸ் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி.

"அத்தான், குடிச்சுதா?"

"தட்டு ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கு. வந்து சரியாக்கு."

போனை வைத்துவிட்டேன். அவனுடைய ரசமட்டத்தை எடுத்துத் தட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். சாயவில்லை.