வைன்காரர் வீட்டில் இரண்டு கதிரை

அன்புள்ள மெற்றில்டா,

உமது முழங்கால் வலி குறைந்ததா? இந்தச் சுவிஸ் குளிரிலும் நான் நல்ல சுகம். இன்டர்லாக்கன் ஹோட்டல் சமையலறையிலும் ஒரு குறையும் இல்லை.

ஒரு விசயம், ஏசாதேயும். பக்கத்து ஊரில் வைன் செய்யும் வேர்னரிடம் வருடச் சந்தா கட்டி அங்கத்தவனாகிவிட்டேன். வருடம் ஆறு போத்தலும், அறுவடை நாளில் அவர் வீட்டு விருந்தும் உண்டு. இம்முறை விருந்துக்குப் போய் வந்தேன். வைனைப் பூசையில் மட்டுமே கண்டவன் அல்லவா, கிண்ணத்தைத் தந்ததும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டேன். வேர்னர் சிரிக்கவில்லை. தன் தொப்பியைக் கழற்றினார்.

“நீங்கள் குடிக்கிறேல்லை, பிறகேன் அண்ணை இது?” என்று கூட வேலைசெய்யும் தனுஷன் கேட்டான். போத்தல்களை அவனிடமே கொடுத்துவிட்டேன். எனக்கு அந்த மேசை போதும். அடுத்த விருந்துக்கு வேர்னருக்கு எங்கள் கறி வேண்டுமாம். உமது கையால் இடித்த தூள் கொஞ்சம் அனுப்பும்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்த விருந்தில் அங்கத்தவர் ஒருவருக்கு இரண்டு கதிரை போடுவார்கள். உமது கதிரையில் என் குளிர்ச்சட்டையை வைத்திருந்தேன். ஒருவரையும் இருக்க விடவில்லை.

உமது குரூஸ்