செத்த என்ஜினியர் காபி குடிக்கிறார்

புத்தூர், ஆடி 14, வெள்ளி இரவு

வாரப் பத்திரிகையில் வருடக்கணக்காக ஓடும் செவ்வாய்க்கிரகத் தொடர்கதையில், எப்போதோ மூச்சு முட்டிச் செத்த என்ஜினியர் இந்த வாரம் ராக்கெட்டில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். எழுதுகிறவருக்கே மறந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“அவன் பொழச்சிக்கினா நல்லதுதானே, ஏன் கத்திக்கினு கீற?” என்றாள் அக்கா.

அந்த என்ஜினியர் செத்த வாரம் நானும் சிநேகிதன் முனிரத்தினமும் ரயிலடியிலேயே நின்று இரண்டு தடவை படித்தோம். கதையில் பிழை கண்டால் ஒரே தபால் கார்டில் இருவரும் கையெழுத்திட்டுப் பத்திரிகைக்கு அனுப்புவோம். ஆந்திராவுக்கும் சென்னைக்கும் எல்லை பிரித்ததும் அவன் வேலை மாற்றலாகி, அந்தப் பக்கம் போன திருத்தணிக்குப் போய்விட்டான்.

இன்றும் கோபமாகக் கார்டு எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகுதான் பார்த்தேன், பக்கத்தில் அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். நாளை கவரில் போட்டு முதலில் அவனுக்கு அனுப்ப வேண்டும். அவன் இன்னும் படிக்கிறானோ என்னவோ.