என் எடை போக மீதி

மார்ச் 3, செவ்வாய்

வண்டியின் பின்பக்கம் தொங்குகிறது. இவர் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்ப்பதுபோல. போன மாதம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது, கதவோரம் நின்று "மாத்திரை போட்டியா?" என்று கேட்டதோடு சரி.

தொங்காமல் என்ன செய்யும்? முன்னால் இரும்பு பம்பர். அதில் ஒரு வின்ச் — சேற்றில் சிக்கினால் கம்பிவடம் போட்டு வண்டியைத் தானே இழுத்துக்கொள்கிற இயந்திரம். இவர் இதுவரை சேற்றில் சிக்கியதில்லை. சேறு இருக்கிற பக்கமே போனதில்லை. பின்னால் சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது பேட்டரி, இழுப்பறைகள். இழுப்பறை வைக்க இடம் வேண்டும் என்று பின்சீட்டைக் கழற்றி மாடியில் போட்டாயிற்று. கூரையில் இரும்புச் சட்டம், அதன்மேல் மடித்து வைக்கிற கூடாரம். எல்லாம் மலைக்குப் போவதற்கு. மலை எங்கேயும் ஓடிப்போகவில்லை. இவர்தான் இன்னும் கிளம்பவில்லை.

இந்த வண்டி வாங்கும்போது சொன்ன பேச்சு: "உன் கேக்கெல்லாம் இதுலயே கொண்டுபோய்க் குடுத்துடலாம். அந்த ஓட்டை வேன் எதுக்கு?" அதை நம்பி என் வேனை விற்றேன். ஓட்டை வேன்தான். ஆனால் அதில் ஒரு கேக்கும் சாய்ந்ததில்லை.

மார்ச் 4, புதன்

"ஸ்பிரிங்கை மாத்தணும்" என்றார், சாப்பிடும்போது. உப்பு குறைவு என்றுகூடச் சொல்லவில்லை. உப்பே போடவில்லை நான்.

மார்ச் 9, திங்கள்

ஒரு பிறந்தநாள் கேக்கைக் கொடுக்கப் போகிற வழியில் என்னையும் மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். உட்கார நாற்காலி இல்லை. டயர் அடுக்கின்மேல், மடியில் கேக் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

மெக்கானிக் நிதானமான ஆள். "வண்டியில எப்பவும் என்னென்ன இருக்கும் சார்? எடையைச் சொல்லுங்க. அதுக்குத் தக்கபடிதான் ஸ்பிரிங் போடணும்" என்றார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பையன் மாதிரி ஒப்பித்தார். பம்பர் இவ்வளவு, வின்ச் இவ்வளவு, கூடாரம் இவ்வளவு. இன்னும் வாங்காத இரண்டாவது ஸ்டெப்னி டயர், வாங்கலாமா என்று யோசிக்கிற கூரை விளக்கு, கனவில் மட்டும் இருக்கிற மடக்கு அடுப்பு, எல்லாவற்றுக்கும் எடை தெரிந்திருந்தது.

"ஆளுங்க எத்தனை பேர் சார்?"

"நான் ஒருத்தன்தான்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கேக் பெட்டியைப் பார்த்தேன். அதன் மூடி சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அழுத்தி மூடினேன்.

இனிமேல் வாங்கப்போகிற சாமானுக்கெல்லாம் கணக்கு இருக்கிறது. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷிக்கு இல்லை.

மெக்கானிக் ஒன்று மட்டும் சொன்னார்: "நீங்க சொல்ற கனத்துக்குப் போட்டா, அந்த லோடு எப்பவும் வண்டியில இருக்கணும் சார். காலியா ஓட்டுனா தூக்கித் தூக்கிப் போடும்."

"காலியா ஏன் ஓட்டப்போறோம்?" என்று சிரித்தார் இவர்.

கேக் ஏற்ற வேண்டுமானால் பின்பக்கத்தைக் காலி செய்யத்தானே வேண்டும்? நாக்கு நுனிவரை வந்தது. அங்கே கேட்டிருந்தால், மெக்கானிக் முன்னால் இவரை மட்டம் தட்டினேன் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். விட்டுவிட்டேன்.

மார்ச் 14, சனி

புது ஸ்பிரிங், புது ஷாக். வண்டி விறைத்துக்கொண்டு நிற்கிறது. ஏறுவதற்கு எனக்குச் சமையலறை முக்காலி வேண்டியிருக்கிறது. அத்தை வாசலுக்கு வந்து, தன் மகன் வாங்கிப்போட்டதை மேலும் கீழும் பார்த்தார். "உன் சக்களத்தி வளந்துட்டாம்மா" என்றார். சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். எதற்கு என்று இப்போதுகூடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

போயிற்று.

ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு இரண்டு அடுக்கு கேக். நீல கிரீமில் அலை அலையாகப் போட்டிருந்தேன், மேலே சர்க்கரையில் செய்த படகு. இவர் ஃபிரிட்ஜையும் தொட்டியையும் இறக்கிவிட்டார், நான் கேக்கைப் பின்னால் வைத்தேன். தெருமுனை வேகத்தடையைக்கூடத் தாண்டவில்லை. வண்டி குதித்ததா, நான் குதித்தேனா, என் தலை கூரையில் இடித்தது. திரும்பிப் பார்த்தால் மேலடுக்கு கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படகு கவிழ்ந்து கிடக்கிறது.

அந்தப் பிள்ளையின் அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "பரவால்ல, கீழ் பாதி நல்லாத்தானே இருக்கு" என்றாள். அந்தக் கனிவுதான் இன்னும் குத்துகிறது.

திரும்பி வரும்போது இவர் சொன்ன யோசனை: "கேக்குக்கு அடியில ஸ்பாஞ்ச் வெச்சுடேன்." கேக்கே ஸ்பாஞ்ச்தான் என்று விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

ஹோட்டல் மேனேஜர் போன் செய்தார். பன்னிரண்டாம் தேதி அவர்கள் மண்டபத்தில் ஒரு வரவேற்பு. மூன்று அடுக்கு கேக். அது நன்றாக அமைந்தால் வாராவாரம் எனக்குத்தான் ஆர்டர். "டேஸ்ட் பத்தி எனக்குக் கவலை இல்ல மேடம். முழுசா வந்து சேரணும். டைமுக்கு வரணும். அவ்வளவுதான்" என்றார். நீலக் கேக் கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது.

வாராவாரம்! சின்னச் சின்னப் பிறந்தநாளுக்காகப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். சொந்தமாக ஒரு பெயர். வாடகை வேன் வைத்துக்கொள்ளலாமா என்று இவரிடம் கேட்டேன். முகம் சுண்டிப்போயிற்று. "வீட்ல வண்டி இருக்கும்போது வாடகை வண்டியா? நான் ஓட்டுறேன். மெதுவா, எறும்பு ஊர்ற மாதிரி ஓட்டுறேன். என் பொறுப்பு."

என் பொறுப்பு. இந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! இருந்தும் சரி என்று சொன்னேன். அதுதான் எனக்கு ஆத்திரம், இவர்மேல் பாதி, என்மேல் பாதி.

ஏப்ரல் 5, ஞாயிறு

கூரையில் இரண்டாவது ஸ்டெப்னியும் ஏறிவிட்டது.

ஏப்ரல் 11, சனி

கேக் முடிந்தது. மூன்று அடுக்கையும் தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அங்கே போய் அடுக்கிக்கொள்ளலாம். வெள்ளை ரோஜாக்கள், இதழ் இதழாகச் சர்க்கரையில். விரல் நுனி மரத்துவிட்டது. ஆனால் நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள்?

இவரும் இன்று பம்பரமாகச் சுழன்றார். உண்மையைச் சொல்ல வேண்டும். கார் ஷெட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, தன் மலைக்குழு நண்பனை வரவழைத்தார். எப்போதும் பேண்ட் பாக்கெட்டில் ஸ்பேனரோடு திரிகிற அந்த ஆளுக்கு ஜாக்கி என்று நான் வைத்த பெயர், இப்போது இவரே அப்படித்தான் கூப்பிடுகிறார். இருவரும் சேர்ந்து இழுப்பறைகளைக் கழற்றினார்கள். ஃபிரிட்ஜ், பேட்டரி, எல்லாம் இறங்கின. தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். பின்பக்கத்தைத் துடைத்து, மெத்தை விரித்து, "வந்து பாரு" என்று கூப்பிட்டார். கல்யாணமான புதிதில் கூப்பிடுகிற குரல்.

மனசு இளகிவிட்டது. கூடப்போய்ப் பார்த்தேன். வண்டி கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. அதைச் சொன்னேன். "கனம் குறைஞ்சுதுல்ல, அதான் நிமிர்ந்து நிக்குது" என்றார், பெருமையாக.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஆத்திரம் இன்னும் தீரவில்லை. எழுதிவிட்டால் அடங்கும்.

கேக் பெட்டிகள் வாசலில் தயார். இவர் வண்டியை ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்தார். 'கறக்'.

ஷெட் வாசலில் குறுக்கே ஒரு கான்கிரீட் உத்தரம் இருக்கிறது. லோடோடு வரும்போது கூடாரத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. புது ஸ்பிரிங் போட்ட அன்றைக்கு அதை அளந்து பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டார்! நேற்று எல்லாவற்றையும் இறக்கினார்களே. ஸ்பிரிங் நிமிர்ந்துவிட்டது. வண்டி உயர்ந்துவிட்டது. கூடாரத்தின் பின்விளிம்பு உத்தரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே போன வண்டி வெளியே வராது. என்ன அறிவு!

கூடாரத்தை இறக்க நாலு ஆள் வேண்டும். ஜாக்கி போனை எடுக்கவில்லை. டயரில் காற்றை இறக்கலாம் என்றார். பாதி இறக்கினார். போதவில்லை. முழுக்க இறக்கினால் திரும்ப அடிக்கிற மோட்டார் அந்த இரண்டாவது பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. இழுப்பறையைத் திரும்ப ஏற்றினால் வெளியே வரும், ஆனால் அதற்கு ஜாக்கி வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இவர் உத்தரத்தைப் பார்க்கிறார்.

"அம்மா, நீங்க முன்னாடி ஏறி உக்காருங்க" என்றார். அத்தை கைப்பையோடு வந்து முக்காலி போட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு மயிரிழை இறங்கியது. இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

"இன்னும் அம்பது அறுபது கிலோ இருந்தா வந்துடும். நீ பின்னாடி ஏறு. சீக்கிரம்!"

அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அது எல்லாம் அந்த ஒரு நொடியில் கிளம்பி வந்தது. "ஏறமாட்டேன். மெக்கானிக் கேட்டப்ப ஒருத்தன்தான்னீங்களே? என் எடை உங்க கணக்குலயே இல்லையே! இல்லாத எடை இப்ப எங்கேருந்து வரும்?"

"இப்பப் போய் இதப் பேசுற நேரமா?"

"வேற எப்பப் பேசணும், சொல்லுங்க. மலையில இருந்து திரும்பி வந்ததும் பேசலாமா?"

எதிர்வீட்டுப் பூக்கடைக்காரர் சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டார். அவரிடம் ஒரு சின்ன வேன் இருக்கிறது, பூ கொண்டுபோவது. நான் கேட்கவே இல்லை. "எடுத்து வைங்கம்மா. பூவே கசங்காது, கேக் எப்படிக் கசங்கும்?" என்றார். பெட்டிகளை ஏற்றும்போது, அத்தை சக்களத்தியிடமிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பெரிய பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கேக் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு ரோஜா இதழ்கூட உதிரவில்லை.

நாங்கள் வந்தபோது வண்டி அதே இடத்தில் நின்றது. இவர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 13, திங்கள்

ஜாக்கி வந்து இழுப்பறையைத் திரும்ப ஏற்றினான். வண்டி வெளியே வந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

ஹோட்டலிலிருந்து சரி என்று சொல்லிவிட்டார்கள். வாராவாரம். பூக்கடைக்காரரிடம் வேன் வாடகைக்குப் பேசி முடித்தேன். இவரிடம் கேட்கவில்லை, தகவலாகச் சொன்னேன். "ம்" என்றார். வேறு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? ஆமாம். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆமாம்.

மே 8, வெள்ளி

மலைப் பயணம் கடைசியில் நிஜமாகவே முடிவாகிவிட்டது. குழுவில் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஜாக்கிக்கும் லீவு கிடைக்கவில்லை. இவர் மட்டும் போகிறார்.

ரோஜா செய்துகொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் விரலால் நிலைப்படியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நீயும் வாயேன்."

எழுதக் கூச்சமாக இருக்கிறது. என் நெஞ்சு ஒரு குதி குதித்தது. ஹோட்டல் ஆர்டரை ஒரு வாரம் யாரிடம் ஒப்படைக்கலாம், கம்பளிச் சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது... அந்தக் கூடாரத்தில் இருந்து விடியலைப் பார்த்தால் எப்படி இருக்கும்? இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் ஓடிவிட்டது. வாயைத் திறக்கப்போனேன்.

"ஸ்பிரிங் இன்னும் விறைப்பாத்தான் இருக்கு. பக்கத்து சீட்டுல ஒரு ஆள் கனம் இருந்தா மெத்துன்னு போகும்னு மெக்கானிக் சொன்னாரு" என்றார்.

கையிலிருந்த ரோஜாவை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். "எனக்கு வேலை இருக்கு" என்றேன். அவர் கோபப்படவில்லை. வருத்தப்படவுமில்லை. யோசித்துக்கொண்டே போனார் — வேறு எதை வைக்கலாம் என்று.

மே 23, சனி

காலையில் கிளம்பிவிட்டார்.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, உள்ளே வந்து என் சரக்கு அறையை எட்டிப் பார்த்தார். "ஒரு மைதா மூட்டை எடுத்துக்கட்டுமா? திரும்பக் கொண்டுவந்து குடுத்துடுறேன்." எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஓரமாக இருந்த மூட்டையை நானே காட்டினேன், என்னைவிடக் கொஞ்சம் இளைத்த மூட்டை. இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி, முன்சீட்டில் உட்காரவைத்தோம். இத்தனை மாதத்தில் நாங்கள் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

அத்தை வாசலுக்கு வரவில்லை.

சாவியைத் திருப்பினார். 'பீப் பீப்' என்று வண்டி கத்த ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்கிறது. இவருக்குக் கை எட்டவில்லை. என்னைப் பார்த்தார். முக்காலியில் ஏறி, பெல்ட்டை இழுத்து, மூட்டைக்குக் குறுக்கே கொண்டுவந்து மாட்டிவிட்டேன். சத்தம் நின்றது.

"பத்திரமா போயிட்டு வாங்க" என்றேன்.

தெருமுனை வேகத்தடையில் வண்டி அலுங்காமல் ஏறி இறங்கியது. எடை சரியாகத்தான் இருக்கிறது.