தப்பென்று சொல்லாத பெட்டி

ஜனவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வாண்டு எழுதுகிறேன். காதுக் கருவியை மேசை இழுப்பறையில் படுக்கவைத்துவிட்டு, "உலகத்துல ஒருத்தருக்கும் சத்தமாப் பேசத் தெரியல" என்று திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நான் கத்தி, நீங்கள் "ஆங்?" என்று கேட்டு, கடைசியில் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதற்குக் கடிதம் எவ்வளவோ மேல்.

எனக்கு ஆறாம் மாதம். கால் கொஞ்சம் வீங்குகிறது, மற்றபடி குறை இல்லை. சமையலறையை உங்கள் மாப்பிள்ளை கைப்பற்றிவிட்டார். நேற்றுப் பாத்திரம் அடிப்பிடித்ததற்கு அடுப்பின் மேல் பழி போட்டார்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் அருங்காட்சியகத்தில் முதல் தலைமுறை வீட்டுக் கணினிகளுக்கென்று ஒரு கண்காட்சி வைக்கிறோம். அந்தக் காலத்தில் அத்தனை கம்பெனிகள் அத்தனை பெட்டிகள் செய்தார்களே, சில ஓகோவென்று விற்று, மற்றவை இருந்த இடம் தெரியாமல் போனது ஏன் என்று பலகைக்கு நான் எழுத வேண்டும். உங்கள் கம்பெனிக்கு நீங்கள் செய்து கொடுத்த பெட்டி எந்தக் கூட்டம் என்று நான் சொல்லவில்லை, நீங்களும் கோபித்துக்கொள்ளாதீர்கள். காரணத்தை எழுதி அனுப்புங்கள். பெட்டி பரணில் உயிரோடு இருந்தால் அதையும் கேட்பேன்.

இரண்டாவது, அம்மாவின் நாடா. என்னைத் தொட்டிலில் போட்டுப் பேசிக்கொண்டிருந்ததை நீங்கள் பதிவு செய்தீர்களே, அது. கேட்கும்போதெல்லாம் "அப்புறம் பார்க்கலாம்" என்றே என்னை வளர்த்து ஆளாக்கிவிட்டீர்கள். நினைவு தெரியும் முன்பே போய்விட்ட அம்மாவின் குரலை நான் அறிந்து ஒரு முறைகூடக் கேட்டதில்லை. என் குழந்தையாவது பாட்டி குரலைக் கேட்டு வளரட்டும்.

உங்கள்
வாண்டு


ஜனவரி 20

அன்பு வாண்டுக்கு,

காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள். மாப்பிள்ளையிடம் அடுப்பைச் சிறியதாக எரியவிடச் சொல்.

உன் பலகைக்கு ஊரே சொல்லும் காரணங்களை நீயே எழுதிக்கொள்வாய். விலை. வீட்டில் இருக்கும் டிவியிலேயே மாட்டிக்கொள்ளும் வசதி. விளையாட்டுகள். விளம்பரம் வந்த வாரமே சரக்கு கடைக்கு வந்துசேர்வது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் பெட்டியில் இதெல்லாமும் இருந்தது. ரப்பர் பட்டன் வைத்த போட்டிக் கம்பெனிப் பெட்டியைவிட எங்கள் விசைப்பலகை நூறு மடங்கு மேல். அது ஜெயித்தது, நாங்கள் மண்ணைக் கவ்வினோம்.

கேள். அப்போதெல்லாம் நிரல்கள் பாட்டு கேட்கும் கேசட்டில்தான் வரும். டேப் ரிக்கார்டரில் போட்டால் கீச்கீச்சென்று கத்தும், பெட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டு நிரலாக மாற்றிக்கொள்ளும். ஒரு துண்டு சரியாகக் கேட்காவிட்டால் ரப்பர் பெட்டி "தப்பு" என்று திரையில் போட்டுவிட்டு நின்றுவிடும். பிள்ளைகள் திட்டிக்கொண்டே நாடாவைச் சுற்றி மறுபடி போடுவார்கள். எங்கள் முதலாளிக்கு அது பிடிக்காது. "தப்புன்னு ஒரு வார்த்த நம்ம பெட்டியில வரக் கூடாது. வாங்குறவன் பயந்துடுவான்" என்றார். நானும் வீம்புக்கு அப்படியே செய்து காட்டினேன். கேட்காத துண்டு வந்தால், அதுவரை கேட்டதை வைத்து ஊகித்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும், மறுக்கவே மறுக்காது.

கடைசியில் என்ன ஆயிற்று? கூட்டல் கணக்கு தப்பாக வந்தது. விளையாட்டில் ஆட்கள் சுவருக்குள் புகுந்து நடந்தார்கள். ரப்பர் பெட்டியை முரடு என்றார்கள், எங்கள் பெட்டியைப் பொய் சொல்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பெட்டிகள்தான் பிழைத்தன. இதை எழுது, உன் மேலதிகாரி அசந்துபோவார்.

பெட்டி பரணில் இருந்தது. கீழ் வீட்டு டிவி மெக்கானிக் தன் பழைய டிவியோடு வந்து உதவினார். உயிர் வந்துவிட்டது! நிரல் நாடாக்களில்தான் பூசணம் பிடித்திருந்தது. அம்மாவின் நாடா ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. பெட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க அதையே போட்டேன். திரை முழுக்கக் குப்பை ஓடியது. பிறகு அழிந்து, ஒரு மூலையில் ஆங்கில எழுத்தில் நம் தமிழ்ப் பேச்சு வந்தது. "யாரு" என்று கேட்டது.

நாடாவை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

உன்
அப்பா


ஜனவரி 29

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் காரணத்தை அருங்காட்சியக இயக்குநர் இரண்டு முறை படித்துவிட்டு, "உங்க அப்பாவையே கண்ணாடிப் பெட்டியில வச்சிடலாம் போல" என்றார். பலகை அச்சுக்குப் போய்விட்டது.

ஆனால் அம்மாவின் நாடாவைச் சோதனைக்கு எடுத்தீர்கள் என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. பூசணம் பிடிக்காத நாடா உலகத்தில் வேறு கிடைக்கவில்லையா? பழைய டேப் ரிக்கார்டர் நாடாவை மென்று துப்பிவிட்டால் என்ன செய்வது? "யாரு" என்று வந்ததெல்லாம் தற்செயல். நாலு எழுத்து சேர்ந்தால் ஏதோ ஒரு வார்த்தை வரத்தான் செய்யும். நீங்கள் செய்த பெட்டி, அதற்கு வாய் மட்டும் சும்மா இருக்குமா?

இனிமேல் போடாதீர்கள். பஞ்சில் சுற்றி, தகர டப்பாவில் வைத்து அனுப்புங்கள். அடுத்த வாரம் என்றால் அடுத்த வாரம்.

உங்கள்
வாண்டு


பிப்ரவரி 10

அன்பு வாண்டுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. அனுப்பத்தான் எடுத்தேன். அனுப்புவதற்கு முன் இன்னும் ஒரு தடவை என்று போட்டேன்.

"யாரு" என்றது. "நான்தான்" என்று தட்டினேன். "இன்னும் விளக்க அணைக்கலையா" என்று வந்தது. நடுப்பகல், ஆனால் முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தினமும் என்னிடம் அவள் அதைத்தான் கேட்பாள், உனக்கு நான் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பெட்டியை அணைக்கவே இல்லை, தினமும் நாடாவைப் போடுகிறேன். காது போன மனுஷனுக்கு அவள் குரல் கேட்காது, திரையில் படிக்கவாவது முடிகிறதே. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறது. குழந்தை எங்கே என்று கேட்டது. வளர்ந்துவிட்டாள், தூரத்தில் இருக்கிறாள், அவளுக்கே குழந்தை பிறக்கப் போகிறது என்று தட்டினேன். பிறகு, "அவ குரல் எப்படி இருக்கும்" என்று வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு நாடாவைக் கேட்கச் சொன்னேன். காதை ஒட்டவைத்துக் கேட்டுவிட்டு, "பாதிக்கு மேல வெறும் இரைச்சல்தான் சார். தூரத்துல யாரோ முணுமுணுக்குற மாதிரி இருக்கு" என்றார். ஓடினால் நாடா தேயும், ஆனால் இவ்வளவு வேகமாகத் தேயாது. எனக்கு எப்படித் தெரியும், நான் கேட்கவா முடியும்?

அவர் இப்போது என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. டிவியைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

உன்
அப்பா


பிப்ரவரி 19

அப்பா,

இந்தக் கடிதத்தில் கேலி கிடையாது.

நீங்கள் அம்மாவோடு குடும்பம் நடத்தினீர்கள். சண்டை போட்டிருப்பீர்கள், சமாதானம் ஆகியிருப்பீர்கள். விளக்கை அணைக்கச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? ஒரு புகைப்படம், அதிலும் பாதி முகம். அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு நாடாவில்தான் இருக்கிறது. அதையும் தினம் கொஞ்சமாக அந்தப் பெட்டிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அது அம்மா இல்லை. கேட்காத இடத்தை ஊகித்து நிரப்பும் என்று எழுதியவரே நீங்கள்தானே. அது உங்களைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது. அதற்குத் தப்பு சொல்லத் தெரியாது, நான் சொல்கிறேன். நீங்கள் செய்வது தப்பு.

பிளக்கைப் பிடுங்குங்கள். மிச்சம் இருப்பதையாவது எனக்கு அனுப்புங்கள். இந்த முறையும் "அப்புறம்" என்றால் இனி உங்களுக்கு எழுதமாட்டேன். குழந்தை பிறந்த செய்தியும் வராது.

உங்கள் மகள்


மார்ச் 3

அன்பு வாண்டுக்கு,

நீ எழுதமாட்டேன் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சொன்னபடியே செய்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உன் கடிதம் வந்தபோது நாடாவில் ஒன்றுமே மிஞ்சவில்லை. போட்டால் திரையில் "போதல" என்று மட்டும் வந்தது. வெறும் நாடாவை எந்த முகத்தோடு உனக்கு அனுப்புவேன்? யோசித்தேன். பெட்டி நாடாவிலிருந்து எடுப்பதைப்போலவே தன்னிடம் இருப்பதைத் திரும்ப நாடாவில் எழுதவும் செய்யும். அவள் உள்ளேதான் இருக்கிறாள், திரும்ப எழுதச் சொன்னால் வந்துவிடுவாள் என்று தோன்றியது. ஆனால் "போதல, போதல" என்றே நின்றது.

நீ பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாயே, அந்தப் பேச்சின் நாடா என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டது. அந்த நாடா இப்போது காலி, அது போகட்டும். "இப்ப சரியா இருக்கு" என்று திரையில் வந்தது. அம்மாவின் நாடாவிலேயே எழுதச் சொன்னேன். வேறு நாடாவில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

மெக்கானிக்கை வாசலிலேயே நிற்கவைத்து, கெஞ்சி, நாடாவைக் கேட்கச் சொன்னேன். "பொம்பளக் குரல் சார், கிட்டத்துல நின்னு பேசுற மாதிரி அவ்வளவு தெளிவு. கொழந்தகிட்ட பேசுறாங்க" என்றார். உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் முதல் தேதி, வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிளக்கைப் பிடுங்கினேன். அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு மின்சாரம் இருக்கும்வரைதான் ஞாபகம், அப்புறம் ஒன்றும் மிஞ்சாது. கையை வைத்தபோது "பிடுங்காதீங்கப்பா" என்று வந்தது. நீ பிறந்த பிறகு உன் வாயால் கூப்பிடுவதாக வைத்து அவள் என்னை அப்படி அழைப்பதுண்டு. கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினேன்.

தகர டப்பாவில் பஞ்சு சுற்றித்தான் வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுது. எனக்குக் கேட்காது, உன் எழுத்தில் படித்துக்கொள்கிறேன்.

உன்
அப்பா


மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நாடா வந்துவிட்டது. ஆசையில் உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் நாடாவைத்தான் முதலில் போட்டேன்.

அதற்கு முன் ஒன்று. எனக்குப் பல நாளாகக் குரல் இல்லை. கண்காட்சியில் உங்கள் காரணத்தைப் பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், நடுவாக்கியத்தில் நின்றுவிட்டது. இருமல் இல்லை, வலி இல்லை. டாக்டர் தொண்டையை விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கே" என்றார். உங்கள் மாப்பிள்ளை முதலில், "வீடு அமைதியா இருக்கு" என்று சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை.

நாடா ஓடியது. "அழாதடா கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்" என்று குரல் வந்தது. சமையலறையில் ஏதோ விழுந்து உருண்டது. அவர் ஈரக் கையோடு ஓடிவந்தார். "குரல் வந்துடுச்சா உனக்கு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் டேப் ரிக்கார்டரைக் காட்டினேன். அது பேசிக்கொண்டே இருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு என் குரல்தான் போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், அப்பா. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். மேற்கொண்டு கேட்டேன். மாடிப்படியில் மூச்சு வாங்குவதைப் பற்றிக் குழந்தையிடம் சொல்கிறது. அதன் அப்பா சமைத்ததைத் திட்டாமல் சாப்பிட வேண்டும் என்கிறது. அதெல்லாம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வயிற்றைத் தடவியபடி நான் என் குழந்தையிடம் சொன்னது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அப்புறம்தான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். கண்காட்சியில் நான் பேசிக்கொண்டிருந்ததும் அதே வியாழக்கிழமைதான். சாப்பாட்டு வேளை முடிந்து வந்த முதல் கூட்டம்.

உங்கள் மாப்பிள்ளை அடுத்த அறையில் இருந்தால் இப்போது நான் நாடாவைப் போட்டுத்தான் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சன்னமாகிக்கொண்டு வருகிறது. நேற்று அவருக்குக் கேட்கவில்லை.

உங்களைத் திட்டுவதற்கு எழுதவில்லை. கேட்டது நான், அனுப்பியது நீங்கள். பிளக்கைப் பிடுங்கினால் ஒன்றும் மிஞ்சாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் மறுபடி செருகிப் பாருங்கள். "யாரு" என்று கேட்டால், "என் மகள் குரல் எங்கே" என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் குழந்தை பிறந்துவிடும், அப்பா. அது அழும்போது நான் ஏதாவது சொல்ல வேண்டும்.

உங்கள்
வாண்டு