வீதியை யாருமே கடக்கவில்லையாம்

நான் கூடப்பிறக்காமலே அண்ணன் என்று கொண்டாடிய கணேசண்ணனுக்கு,

நீங்கள் கண்மூடி மூன்று வருடமாகிறது. கோபத்தில்தான் எழுதுகிறேன். யாரிடம் கோபப்படுவதென்று தெரியாமல் உங்களிடமே வந்திருக்கிறேன்.

கல்முனையை உங்கள் தமிழர் பக்கம், எங்கள் முஸ்லிம்கள் பக்கம் என்று பிரித்த அந்த வீதியை இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. உங்கள் பக்கத்துப் பெண்கள் எங்கள் கடைகளில் பேரம் பேசிப் புடைவை எடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் உங்கள் பக்கத்து டியூசனுக்குச் சைக்கிளில் பறக்கிறார்கள். அதில் எனக்கு என்ன கோபம்? சந்தோசம்தான்.

போன சனிக்கிழமை அந்த வீதியோரத்தில் ஒரு பூங்கா திறந்தார்கள். நீரூற்று, வண்ணம் தீட்டிய சுவர், கைகுலுக்கும் இரண்டு சிமெந்துக் கைகள். அறுகம்பேக் கடற்கரைக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் வான் வண்டியை நிறுத்திப் படமெடுக்கிறார்கள். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "பிரச்சினைக் காலத்தில் இந்த வீதியை ஒரு மனிதன்கூடக் கடக்கவில்லை."

அப்படியென்றால் நீங்கள் யார் அண்ணே?

நாம் இருவரும் ஒரே தபால் கந்தோரின் தபால்காரர்கள். கலவரத்தில் வீதி பிரிந்த பிறகு உங்கள் பக்கத்துக் கடிதங்களை நான் நடுவீதிவரை கொண்டு வருவேன், எங்கள் பக்கத்துக்கானவற்றை நீங்கள் கொண்டு வருவீர்கள். கடிதக் கட்டுகளை மாற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை கதைக்காமல் திரும்புவோம்.

நான் காய்ச்சலில் படுத்த அன்று நீங்கள் என் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். "சவூதியில இருந்து ஒரு மகன் தாய்க்கு எழுதின கடிதம்டா. கிடக்கட்டும் எண்டு விடேலுமா?" என்றீர்கள். நான் போர்வையோடு வீதிவரை வந்து உங்களை அனுப்பினேன். நீங்கள் அந்தப் பக்கம் கால் வைத்ததும் நாலு பேர் வளைத்துக்கொண்டார்கள். உங்கள் ஆட்கள்தான். காதைப் பொத்திக்கொண்டு நீங்கள் விழுந்ததைப் பார்த்தேன். ஒரு சத்தமாவது போட்டேனா? வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த கிழமை எங்கள் ஆட்கள் என் பையைப் பறித்து, உங்கள் பக்கத்துக் கடிதங்களை வாய்க்காலில் கொட்டினார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

உங்களை உதைத்தவர்களில் ஒருவரும் வாய்க்காலில் கொட்டியவர்களில் ஒருவரும் அந்த மேடையில் பொன்னாடையோடு இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கதிரை. சிரித்துக்கொண்டு!

நான் எழுந்துவிட்டேன். "கடந்த மனிசன் இருந்தார்! தபால்காரக் கணேசு! அவரை ஆர் அடிச்ச எண்டு மேடையில இரிக்கிறவங்களுக்கே தெரியும்!" என்று கத்தினேன்.

பின்னாலிருந்து ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இரிங்க ஜுனைதீன் காக்கா. நல்ல நாளில பழசைக் கிளறாதீங்க."

"கிளறாம மூடினதாலதான் இப்பிடிப் பொய் முளைக்குது. விடுங்க!"

மைக்கில் பாட்டைப் போட்டு என் குரலை அமுக்கினார்கள். உதைத்தவர் கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை.

வாசலில் உங்கள் மனைவி நின்றிருந்தார். அக்கா கூட்டத்தில் இருந்தது எனக்குத் தெரியாது. மெச்சுவார் என்று நினைத்தேனோ என்னவோ, கிட்டப் போனேன்.

"அந்தக் காது அவருக்குக் கடைசிவரைக்கும் கேக்கல்ல தம்பி," என்றார். "மற்றக் காது கேட்டது. அவர் உயிரோட இருக்கக்க இதைச் சொல்லியிருக்கலாமே?"

அவர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அடி வாங்கிய மறுநாளும் காதில் கட்டோடு நடுவீதிக்கு வந்தீர்கள். என்னிடம் ஏன் ஒன்றுமே கேட்கவில்லை? ஒரு வசவு வைதிருந்தால் இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே. உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான் அண்ணே.

இனி அந்த வீதியைப் பற்றி யார் பொய் சொன்னாலும் எழுந்து நிற்பேன். நீங்கள் கடந்ததைச் சொல்வேன். நான் கடக்காமல் நின்றதையும் சேர்த்தே சொல்வேன்.

உங்களை அடிக்கையில் பார்த்துக்கொண்டிருந்த தம்பி,
ஜுனைதீன்