கடலில்லாத ஊருக்குப் போன படங்கள்

கார்டன்ஸ்டவுன், ஸ்காட்லாந்து
12 மார்ச் 1974

அன்புள்ள எல்ஸ்பெத்,

நீ கனடாவுக்கு, மகன் வீட்டுக்குப் போய் ஒரு குளிர்காலமே ஓடிவிட்டது. பக்கத்தில் உன் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சும்மாவாவது போய்க் கதவைத் தட்டத் தோன்றுகிறது.

பழைய கேமரா ஒன்று வாங்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சாண்டிக்கு ஒரே கேலி. "ஊரே சூரியன் மறையுறத படம் பிடிக்குது. நீ துணிக்கொடியப் பிடிக்கிற!" என்கிறார். ஆமாம், பிடிக்கிறேன். மழையில் நனையும் துணிக்கொடி, சேறோடு வாசலில் கிடக்கும் பூட்ஸ், சிக்கலாகிப் போன படகுக் கயிறு. மூன்று படமும் இதோடு இருக்கின்றன.

எனக்கு ஒரு உதவி செய். இவற்றுக்கெல்லாம் நீங்கள் வீட்டில் சொல்லும் சொற்களை எழுதி அனுப்பு. புடாபெஸ்டிலிருந்து சாண்டியோடு இங்கே வாழ வந்து தலைகூட நரைத்துவிட்டது. இன்னமும் நான் கடைக்குள் நுழைந்தால் கடைக்கார ஜீனி நிக்கல் ஊர்ப் பேச்சை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூட இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறாள். மரியாதையாம். என்னை வாசலிலேயே நிற்க வைத்ததுபோல் இருக்கிறது. நீ ஒருத்திதான் என்னிடம் ஊர்ப் பேச்சில் பேசினாய்.

உன்
இலோனா

*

ரெஜைனா, கனடா
9 ஏப்ரல் 1974

அடி இலோனா,

உன் கடிதம் வந்த அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. படங்களை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இங்கே கடல் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை நிலம். காற்று அடித்தால் அலைச்சத்தம் மாதிரி கேட்கும், அவ்வளவுதான்.

எழுதிக்கொள். கயிற்றுச் சிக்கல் 'ஃபாங்கிள்'. தொப்பலாக நனைந்துபோனால் 'டிரூக்கிட்', துணியானாலும் சரி, மனிதரானாலும் சரி. பூட்ஸில் இருப்பது 'கிளார்ட்டி'. சும்மா அழுக்கு இல்லை, மூக்கைப் பிடித்துக்கொள்கிற அழுக்கு.

மருமகள் டார்லீன் நல்ல பெண்தான். ஆனால் என்னைக் கண்ணாடிப் பாத்திரம்போல் வைத்திருக்கிறாள். "டீ வேணுமா அத்தை?" "வேண்டாம்மா." ஒரு நாள் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

துணிக்கொடிக்குப் பின்னால் நிற்கும் படகு யாருடையது? படத்தில் அழகாக விழுந்திருக்கிறது.

எல்ஸ்பெத்

*

கார்டன்ஸ்டவுன்
20 ஜூன் 1974

அன்புள்ள எல்ஸ்பெத்,

உன்னால் என் மானம் போனது. நேற்றுக் கொட்டுகிற மழையில் நம் பாதிரியார் கடைக்குள் வந்தார், உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட. புதுச் சொல்லைக் காட்டிவிடும் அவசரத்தில் நான், "ஐயோ, என்ன இப்படி கிளார்ட்டியா வந்திருக்கீங்க!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பாதிரியார் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சனிக்கிழமைதாம்மா குளிச்சேன்," என்றார்.

ஜீனி கல்லாப்பெட்டிமேல் விழுந்து சிரித்தாள். "அடியே, அது டிரூக்கிட்டு! நம்ம பாதிரியாரையே நாறடிச்சிட்டியேடி!" என்றாள், சுத்தமான ஊர்ப் பேச்சில். வீடு வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஒன்று கேட்கவா? கொடிக்குப் பின்னால் படகே இல்லையே. அது உன் வீட்டுச் சுவர், எல்ஸ்பெத்.

இலோனா

*

ரெஜைனா
2 ஆகஸ்ட் 1974

இலோனா,

கையெழுத்து டார்லீனுடையது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

நீ கண்டுபிடித்துவிட்டாய். கண்ணின் நடுவே ஒரு கறை வந்து உட்கார்ந்துவிட்டது. ஓரங்கள் மட்டும் தெரிகின்றன. உன் முதல் கடிதத்தை மகன் படித்துக் காட்டினான்; பதிலை ஓரக்கண்ணால் பார்த்து நானே எழுதினேன். படங்களை நானே பார்த்துவிட்டேன் என்று அவனிடம் பொய் சொன்னேன். பின்னால் ஏதோ நீளமாக, சாம்பல் நிறத்தில் தெரிந்தது. நம் ஊரில் அது படகாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் சுவரே எனக்குத் தெரியவில்லை.

இனிச் சரியாகாது என்கிறார் டாக்டர். அடுத்த வசந்தத்தில் ஊருக்கு வந்துவிடலாம் என்று ஆசையாக இருந்தேன். அதுவும் இல்லை.

இனிப் படம் அனுப்பாதே. துணிக்கொடிப் படத்தில் என்ன இருக்கிறது என்று டார்லீனிடம் கேட்டேன். "ஒரு சுவர், கொஞ்சம் துணி" என்றாள். இதையும் எழுது என்றேன். பாவம், எழுதுகிறாள்.

எல்ஸ்பெத்

*

கார்டன்ஸ்டவுன்
5 செப்டம்பர் 1974

என் எல்ஸ்பெத்,

படம் எடுக்கவில்லை. கேமராவை உள்ளேயே வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

விடிந்ததும் ஹார் வந்தது. பனிமூட்டம் என்று சொன்னால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். கடலிலிருந்து ஏறி வந்து ஊரையே விழுங்குமே, அது. முதலில் துறைமுகச் சுவர் போனது. பிறகு படகுகள் போயின. உன் கூரை மட்டும் மிச்சம், அதன்மேல் ஒரு கடற்காகம், வாடகை வாங்க வந்தவன்போல். கூடவே ஸ்மிர் தூறியது. மழை என்று சொல்ல முடியாது, கண்ணிமையில் மட்டும் தெரிகிற தூறல்.

தெருவில் செருப்புச் சத்தம். யாரென்று கேட்டேன். "நான்தான்டி, ஜீனி! மீனு நடந்து வருதுன்னு நெனச்சியா?" பக்கத்தில் வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "எல்ஸ்பெத்துக்கு எழுதப் போறியா? அவ வீட்டுச் சுவரத் தொட்டுப் பாத்துட்டு எழுது."

இரண்டு பேரும் தொட்டுப் பார்த்தோம். சில்லென்று இருக்கிறது. விரலை நக்கினால் உப்பு. ஜன்னலுக்குக் கீழே நத்தை ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது.

இலோனா

*

ரெஜைனா
24 செப்டம்பர் 1974

அடி இலோனா,

டார்லீன் உன் கடிதத்தைப் படித்தாள். 'ஹார்' என்பதை 'ஹேர்' என்று படித்துவிட்டாள். கடலிலிருந்து முடி ஏறி வந்து ஊரை விழுங்கியதாம்! நான் சிரித்த சிரிப்பில் டீ முழுக்கப் போர்வையில். "வாயத் தொறந்து சொல்லுடி, ஹாஆர்!" என்று கத்தினேன். "தொண்ட வலிக்குது அத்தை," என்று அவளும் கத்தினாள். இந்த வீட்டில் நாங்கள் குரல் உயர்த்தியது அன்றுதான். பிறகு அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் அவளாகவே வந்து கேட்டாள்: "அறுப்பு நேரத்துல வயல்ல தூசி பறக்குமே, அதுக்கு உங்க ஊர்ல என்ன அத்தை சொல்வாங்க?" 'ஸ்டூர்' என்றேன். உடனே காரில் ஏற்றிக்கொண்டு போய் வயலோரம் நிறுத்தினாள். அறுப்பு இயந்திரம் கடந்து போக, தூசி வாயிலும் புருவத்திலும் ஒட்டியது. கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

வீட்டை விற்றுவிடச் சொல்லி மகனிடம் சொல்லிவிட்டேன். வாங்குகிறவர்கள் வருவதற்கு முன் நீயும் ஜீனியும் உள்ளே போய் அடுப்பை ஒரு தடவை மூட்டிவிட்டு வாருங்கள்.

மறுபடியும் படம் எடுத்து அனுப்பு. டார்லீன் கேட்கிறாள். பார்த்துச் சொல்வது அவள் வேலை. தப்பாகச் சொன்னால் சண்டை போடுவது என் வேலை.

உன்
எல்ஸ்பெத்