கேடய வரிசையில் என் தம்பி

மாப்போ, சியோல், தென் கொரியா
3 பிப்ரவரி 2004

என் செல்லத் தம்பி இன்ஜேவுக்கு,

அக்கா நலம். நீ நலமா என்று கேட்டால் மூன்று வாரம் கழித்து, "சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காக நான் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பது உனக்கு எங்கே தெரியப் போகிறது?

பல் மருத்துவமனையில் வேலை முதுகை ஒடிக்கிறது. புத்தாண்டுக்கு வொன்ஜு போய் அப்பாவைப் பார்த்தேன். டயர் கடையைச் சாத்திவிட்டு நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார். இராக் போருக்கு நம் ராணுவப் பிள்ளைகளை அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. "போகட்டும், போனாத்தான் புத்தி வரும்" என்றார். அவர் போனாரே வியட்நாம் போருக்கு? அங்கிருந்து கொண்டுவந்த ரேடியோ எப்போதோ கெட்டுப்போயிற்று. முதுகுச் சொறி மட்டும் இன்னும் போகவில்லை. இப்போதும் தூக்கத்தில் யாரையோ அதட்டுகிறார். பக்கத்து அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் தேதி நாடாளுமன்றத்தில் அதற்கு வாக்கெடுப்பு. முந்தின ராத்திரியே யோயிதோவில் அதன் வாசலுக்கு முன்னால் உட்காரப் போகிறோம். நானும் போகிறேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: உன் போலீஸ் கம்பெனியை அங்கே கொண்டுவருவார்களா?

உன் அக்கா,
சொன்ஹே

~

6 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். போதுமா?

கொண்டுவருவார்கள். யோயிதோவில் என்ன நடந்தாலும் முதலில் எங்களைத்தான் இறக்குவார்கள். எங்கள் பஸ்ஸைக் கோழிக்கூண்டு என்று ஊரே சொல்கிறது, ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டிருப்பதால். அதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

நான் போர் வேண்டும் என்கிற ஆள் இல்லை, அக்கா. என்னை யார் கேட்டார்கள்? கட்டாய ராணுவச் சேவைக்கு என்று போனேன். பயிற்சி முகாமில் ஆளைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, கலவரத் தடுப்புப் போலீஸில் தள்ளிவிட்டார்கள். கையில் கேடயத்தைக் கொடுத்து நில் என்கிறார்கள், நிற்கிறேன். இன்னும் பதினான்கு மாதம்.

நீ வராதே. நீ சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்பது தெரியும். வந்தால் கடைசி வரிசையிலாவது உட்கார். முன்வரிசையில் அடிபடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஜே

~

10 பிப்ரவரி

இன்ஜே,

உன்னைப் பார்த்துவிட்டேன்! ஹெல்மெட்டும் முகவலையும் போட்டுவிட்டால் அக்காவை ஏமாற்ற முடியுமா? சிறு வயதிலிருந்தே வலது காலை வளைத்து, கொக்கு மாதிரித்தானே நிற்பாய்? இடமிருந்து நான்காவது ஆள். பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று, "இன்ஜே! டேய் இன்ஜே! அக்காடா!" என்று கத்திவிட்டேன். கையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களையும் தூக்கிக் காட்டினேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் வேறு போராட்டத்துக்கு வந்திருந்த விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெரியவர், "அம்மாடி, அந்தத் தொப்பிக்குள்ள எல்லாம் ஒரே மூஞ்சிதான். எவனையாவது ஒருத்தனைத் தம்பின்னு வெச்சுக்க" என்றார். நானும் சிரித்தேன். நீ மட்டும் திரும்பவே இல்லை. ஒரு தலையசைப்புக்குக்கூடவா பஞ்சம்? அம்மா போன பிறகு உன்னை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தது யார் என்று கேட்கத் தோன்றியது. கேட்டும்விட்டேன், போ.

அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. பதின்மூன்றாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதி ராத்திரி மறுபடி உட்காருகிறோம்.

கோபத்துடன், ஆனால் அன்புடன்,
அக்கா

~

11 பிப்ரவரி

அக்கா,

வெளியே போகிற ஒருவனிடம் இதைக் கொடுத்து விரைவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

என் பேரைக் கூப்பிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

வரிசையில் நிற்கும்போது எங்களுக்குப் பேர் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒருவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், அவன் அந்தப் பக்கத்து ஆள் என்று எங்கள் சீனியர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். முகாமுக்குத் திரும்பியதும் "அக்காகிட்ட ஆரஞ்சு வாங்கலையாடா?" என்று ஆரம்பித்தார்கள். என்னை மட்டும் பிடித்திருந்தால் பரவாயில்லை. என்னோடு சேர்ந்த எல்லாரையும் கையைப் பின்னால் கட்டித் தலையைத் தரையில் ஊன்றி நிற்க வைத்தார்கள். விடியும்வரை. ஒருவன் மயங்கி விழுந்தான். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. பன்னிரண்டாம் தேதி வராதே, அக்கா. உன் ஒருத்தியால் ஓட்டு மாறிவிடுமா?

இன்ஜே

~

12 பிப்ரவரி, காலை

தம்பி,

உன் கடிதம் வந்தது. மருத்துவமனைக் கழிவறையில் நின்று படித்துவிட்டு அழுதேன். என் வாயை என்ன செய்தால் தகும் என்று தெரியவில்லை. அந்தப் பையனிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்கள் முகாமுக்கு வந்து கதவை உடைக்கலாம் போலிருந்தது.

ஆனால் வராமல் இருக்க மாட்டேன். உன்னை நிற்க வைத்த அதே ஆட்கள்தான் இன்னும் பல பிள்ளைகளைத் துப்பாக்கியோடு பாலைவனத்துக்கு அனுப்பப் போகிறார்கள். அவர்களும் யாரோ ஒருத்தியின் தம்பிதானே? வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்தால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

உன் பேரைச் சொல்ல மாட்டேன். உன் பக்கம் பார்க்கவும் மாட்டேன். சத்தியம்.

அக்கா

(இது உன் கைக்கு நேரத்தில் வருமோ வராதோ என்று பயமாக இருக்கிறது.)

~

15 பிப்ரவரி

இன்ஜே,

ஏன்டா அப்படிச் செய்தாய்?

இரண்டு நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் குளிர் எலும்பைப் பிடித்தது. காகிதக் கோப்பைக்குள் மெழுகுவத்தி நிற்கவில்லை, காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. மீன் உருண்டை ரசத்தைக் கைமாற்றிக் குடித்தோம். விடிவதற்குள் எங்களை அப்புறப்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. பெண்களைத் தூக்க வந்த பெண் போலீஸ் போதவில்லை, அதனால் உங்களை அனுப்பினார்கள். நான்கு பேர் என்னைக் கை கால் பிடித்துத் தூக்கினார்கள். இடது தோளைப் பிடித்தவன் குனிந்தான். முகவலைக்குள் உன் கண். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

கால் பக்கம் பிடித்திருந்தவன் சீனியர் போலிருக்கிறது. "டேய், அன்னிக்கு உன் பேரைச் சொல்லிக் கத்துனது இவதானே?" என்றான். நான்தான் சொன்னேன்: "இந்தப் பையன் யாருன்னே எனக்குத் தெரியாது. எனக்குத் தம்பியே கிடையாது."

எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது தெரியுமா? மனசுக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போதுதான் நீ நின்றுவிட்டாய். "அவங்க எங்க அக்கா. காலை மெதுவா இறக்குங்க" என்றாய். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

இறக்கிவிட்டார்கள். தரையில் பொத்தென்று போடாமல், உட்கார வைத்தார்கள். அந்தச் சீனியர் உன் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிப்போனான். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் தீர்மானம் நிறைவேறிவிட்டது. தோற்றுவிட்டோம். அதற்கு அழ எனக்கு நேரமில்லை. ஒரு வரி எழுது. "சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்" என்றாவது எழுது.

அக்கா

~

24 பிப்ரவரி

என் உயிர்த் தம்பிக்கு,

பதில் இல்லை. முகாமுக்குத் தினமும் போன் செய்கிறேன். "நல்லா இருக்கான், பயிற்சியில இருக்கான்" என்று ஒரு குரல் சொல்கிறது. மறுநாள் வேறொரு குரல் அதையே சொல்கிறது. நேற்று, "எந்த இன்ஜே?" என்று கேட்டார்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு வழியில்லாமல் வொன்ஜு போய் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். தலையை ஊன்றி நிற்க வைத்ததைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டார். "கையைப் பின்னால கட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்களையும் அப்படித்தான் நிக்க வெச்சானுங்க, கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் எதைச் சொன்னாலும் செஞ்சோம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கப்பலைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. பிறகு உள்ளே போய்ப் பழைய ராணுவப் பச்சைக் கோட்டை எடுத்துத் தட்டி வெயிலில் போட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் உன் முகாமுக்கு வருகிறோம். அன்று பார்வையாளர்களை விடுவார்கள் என்று விசாரித்துவிட்டேன். உன்னைக் கண்ணால் பார்க்க வேண்டும், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது பிரித்துப் படித்துக்கொண்டிருந்தால், ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். பேர் இன்ஜே. அவனைக் காட்டாமல் திருப்பி அனுப்பினால் நாங்கள் போக மாட்டோம், உங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவோம். ராத்திரிக் குளிருக்கு அடியில் எத்தனை அட்டை விரிக்கணும் என்று அப்பா என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சொன்ஹே
இன்ஜேவின் அக்கா